மாட்டின் வலியைக் கணிக்க யாரை அமர்த்துவது?

நாற்பது கறவை மாடுகள் உள்ள ஒரு பண்ணையில், வாரம் ஒருமுறை ஒவ்வொரு மாட்டையும் பார்த்து, எதற்கு வலி இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று குறித்துவைப்பது என முடிவாகிவிட்டால், அந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி உடனே எழுகிறது. பல ஆண்டுகள் மாடு பார்த்த கால்நடை மருத்துவரிடமா, அன்றாடம் அதே மாடுகளுக்குத் தீவனம் வைத்துப் பால் கறப்பவரிடமா, மாட்டோடு பெரிய பழக்கம் இல்லாவிட்டாலும் வலி அளவுகோல் ஒன்றில் முறையாகப் பயிற்சி பெற்ற இளைஞரிடமா, அல்லது கேமராவையும் உணர்கருவியையும் நம்பியா? கேட்டவுடன் பெரும்பாலோர் சொல்லும் பதில் "அனுபவம் உள்ளவரிடம்" என்பதுதான். கால்நடை மருத்துவராக நானும் பல ஆண்டுகள் அப்படியே சொல்லிவந்தேன். அனுபவம் என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு திறன்கள் அடங்கியிருக்கின்றன என்பதையும், அவற்றுள் சில வலியைக் காண உதவும்போது வேறு சில அதைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றன என்பதையும் தொழுவத்திலேயே பார்த்தபின், அந்தப் பதிலை அப்படியே சொல்ல என்னால் முடியவில்லை. பண்ணை வைத்திருப்பவர்களுக்கும், பால் உற்பத்தியாளர் சங்கங்களுக்கும், கோசாலை நடத்துபவர்களுக்கும் இந்த நான்கு வழிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்படும் என்று கருதி இதை எழுதுகிறேன்.

முதலில், இங்கே எதை அளக்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். காய்ச்சலை வெப்பமானி சொல்லிவிடும். வலியைச் சொல்ல அப்படி ஒரு கருவி இல்லை. பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 1979இல் வகுத்த வரையறையை 2020இல் திருத்தியபோது, வாயால் சொல்வது வலியை வெளிப்படுத்தும் பல வழிகளுள் ஒன்றுதான் என்றும், சொல்ல முடியவில்லை என்பதால் மனிதருக்கோ விலங்குக்கோ வலி இல்லை என்று ஆகிவிடாது என்றும் குறிப்பில் சேர்த்தது. மாடும் ஆடும் வேட்டையாடப்படும் இனத்தில் பிறந்தவை; தளர்வை வெளியே காட்டுவது ஆபத்து என்பது அவற்றின் உடம்பிலேயே ஊறியிருக்கிறது. நாய் முனகும் அளவு வலியில் மாடு அசையாமல் நின்றுகொண்டிருக்கும். ஆகவே நம் ஏட்டில் ஏறும் எண், மாட்டின் வலியை மட்டும் காட்டுவதில்லை. பார்த்தவரின் கண், பழக்கம், எதிர்பார்ப்பு ஆகியவையும் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கின்றன. யாரை அமர்த்துவது என்ற கேள்வி முக்கியமாவது இதனால்தான்.

அனுபவமுள்ள மருத்துவரிலிருந்து தொடங்குகிறேன், அது என் கட்சி என்பதால். மருத்துவரின் பலம் உண்மையானது. முதுகு வளைந்து நிற்கும் மாட்டைப் பார்த்ததும் அது குளம்பால் வந்ததா, வயிற்றுக்குள் கம்பி குத்தியதால் வந்ததா, கருப்பை அழற்சியால் வந்ததா என்று பிரித்தறிய வேண்டுமானால் படிப்பும் வேண்டும், ஆண்டுகளும் வேண்டும். பயத்தையும் வலியையும் பிரித்துப் பார்க்கவும் இதே தேர்ச்சி தேவை. புதிய ஆள் அருகே வந்தவுடன் காதைப் பின்னுக்குத் தள்ளி விறைத்து நிற்கும் மாட்டுக்கு வலி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் நோயைக் கண்டுபிடிக்கும் திறனும், அந்த நோய் விலங்குக்கு எவ்வளவு வலியைத் தருகிறது என்று மதிப்பிடும் திறனும் ஒன்றல்ல. பிரிட்டனில் மாடு பார்க்கும் கால்நடை மருத்துவர்களிடம் நடத்தி 2006இல் வெளியிடப்பட்ட ஒரு கணக்கெடுப்பில், ஒரே சிகிச்சைக்கும் ஒரே நோய்க்கும் அவர்கள் தந்த வலி மதிப்பெண்கள் ஆளுக்கு ஆள் மிகப் பரவலாக வேறுபட்டன. வலி மருந்து கொடுக்கும் வழக்கம் இல்லாத மருத்துவர்கள், கொடுக்கும் வழக்கம் உள்ளவர்களைவிடக் குறைவான மதிப்பெண்ணே தந்திருந்தார்கள். வலி குறைவு என்று நம்பியதால் மருந்தைத் தவிர்த்தார்களா, மருந்து கொடுக்காமலே பழகிப்போனதால் வலி குறைவாகத் தெரிந்ததா என்பதை அந்த எண்களை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. எனினும் பத்தாண்டு காலம் மரப்பு ஊசி போடாமல் கன்றுகளுக்குக் கொம்பு சுட்ட ஒருவர், கொம்பு சுடுவதில் என்ன வலி இருக்கிறது என்று கணிக்கும்போது தம் கடந்த காலத்தையும் சேர்த்தே கணிக்கிறார் என்பதை நான் மறுக்க மாட்டேன்.

எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். ஒரு பண்ணையில் சிமெண்டுத் தரைக் கொட்டகை. ஜெர்சி கலப்பினப் பசு, மூன்றாவது ஈற்று. வரிசையாகக் கட்டியிருந்த மாடுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இந்தப் பசு நான்கு காலிலும் சமமாக நின்றது, முதுகு மேசைபோல் நேராக இருந்தது, கண் தெளிவாக இருந்தது. "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனேன். என்னோடு பயிற்சிக்கு வந்திருந்த பெண்ணின் கையில் ஒரு தாள் இருந்தது. 1997இல் வெளியான, ஒன்று முதல் ஐந்துவரை எண் தரும் நடை அளவுகோல் அது. நிற்கும்போதும் முதுகைப் பார், நடக்கும்போதும் முதுகைப் பார் என்று அந்தத் தாள் சொல்கிறது. நிற்கும்போது நேராக இருக்கும் முதுகு நடக்கும்போது வளைந்தால் இரண்டு, இரண்டு நிலையிலும் வளைந்து அடி குறுகினால் மூன்று. தாளில் இருப்பதால் அவர் மாட்டை அவிழ்த்து நடத்தச் சொன்னார். ஏழெட்டு அடிக்குள் முதுகு வில்லாகியது. பின்னங்கால் ஒன்றை ஊன்றுவதற்கு முன் கணநேரம் தயங்கியது. தலை அதற்கேற்ப ஒரு விரற்கடை தாழ்ந்து நிமிர்ந்தது. காலைத் தூக்கிக் கட்டிக் கழுவி, குளம்புச் சோதனைக் குறடால் அழுத்தியபோது வெளிப்பக்கக் குளம்பின் அடியில் ஓர் இடத்தில் காலை வெடுக்கென்று இழுத்தது. கத்தியால் சீவியதும் அடிக்குளம்பில் புண். மாட்டு நொண்டல் பெரும்பாலும் பின்னங்காலின் வெளிக்குளம்பிலிருந்துதான் தொடங்குகிறது என்று நானே பலமுறை வகுப்பெடுத்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு மாடுகளோடு நான்கு மாதப் பழக்கம்தான். அவர் என்னைவிடக் கூர்மையாகப் பார்த்தார் என்று நான் சொல்லவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று தாள் அவரை நிறுத்தி வைத்தது. பார்த்தது போதும் என்று அனுபவம் என்னை முன்னே நகர்த்திவிட்டது.

அடுத்து, மாட்டோடு வாழ்பவர். இந்த வழியைப் பற்றித்தான் ஆய்வுகள் மிகக் கடுமையாகப் பேசுகின்றன. இங்கிலாந்தில் 53 பால் பண்ணைகளைப் பார்த்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், தம் மாடுகளுள் நொண்டுபவை சராசரியாக 5.7 சதவீதம் என்று பண்ணைக்காரர்கள் மதிப்பிட்டிருந்தார்கள்; பயிற்சி பெற்றவர்கள் அதே மந்தைகளில் கண்டது 22.1 சதவீதம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 50 மந்தைகளில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில் நொண்டும் மாடுகள் 24.6 சதவீதம், மந்தை மேலாளர்கள் சொன்னதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. இதைப் படித்துவிட்டு மாடு வளர்ப்பவர்களுக்கு இரக்கமில்லை என்று முடிவு கட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தினமும் பார்க்கும் ஒன்று சிறிது சிறிதாக மாறினால் கண்ணுக்கு அந்த மாற்றம் தெரிவதில்லை. வீட்டுப் பிள்ளை வளர்வதை ஆண்டுக்கு ஒருமுறை வரும் அத்தைதான் முதலில் சொல்கிறாள். இரண்டு மாதமாகக் காலைத் தாங்கித் தாங்கி நடக்கும் மாடு, வளர்ப்பவர் கண்ணில் "அது எப்பவுமே அப்படித்தான் நடக்கும்" என்ற மாடாகிவிடுகிறது. மந்தையில் பாதி அப்படி நடந்தால் அதுவே மாட்டு நடை என்றும் ஆகிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. நொண்டல் என்ற சொல்லையே வளர்ப்பவர், காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நடக்கும் மாட்டுக்குத்தான் வைத்திருக்கிறார். ஆய்வாளர் எண்ணும் இரண்டும் மூன்றும் அவர் அகராதியில் நொண்டலே இல்லை. ஆகவே எண்ணிக்கையில் உள்ள இடைவெளியில் ஒரு பகுதி கண்ணின் குறை, இன்னொரு பகுதி சொல்லின் வேறுபாடு. இரண்டாவதை ஒரு நாள் பயிற்சியில் சரிசெய்துவிடலாம்.

ஆனால் வளர்ப்பவரிடம் உள்ள ஒன்று வேறு எவரிடமும் இல்லை: ஒவ்வொரு உயிரின் வழக்கமும் அவருக்கு மனப்பாடம். ஆடு வளர்க்கும் ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டு, "இந்த வெள்ளச்சி ரெண்டு நாளா தொட்டிக்கு மூணாவதா வருது" என்றார். ஆடு தின்றது, அசைபோட்டது, நடந்தது, காய்ச்சல் இல்லை. எந்த அளவுகோலை எடுத்து வைத்தாலும் அதற்குச் சுழியமோ ஒன்றோதான் விழுந்திருக்கும். எப்போதும் மற்ற ஆடுகளை முட்டித் தள்ளிவிட்டு முதலாவதாக வரும் ஆடு அது என்பது எந்தத் தாளிலும் இல்லை. மடியைத் தொட்டுப் பார்த்தபோது ஒரு பக்கம் சூடாகவும் சற்றே கெட்டியாகவும் இருந்தது. மடிவீக்கம் தொடங்கும் கட்டம். கூட்டத்தில் முட்டுப்பட்டால் மடி வலிக்கும் என்பதால் அது ஒதுங்கி நின்றிருக்கிறது. இப்படிப்பட்ட அறிவுக்குத் தமிழில் பட்டறிவு என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒரு குறிப்பிட்ட உயிரிடமிருந்து வந்த அறிவு அது. அடுத்த பண்ணைக்கு எடுத்துச் செல்ல முடியாது, ஆனால் இந்தப் பண்ணையில் அதற்கு ஈடு இல்லை.

மூன்றாவது வழி, அளவுகோலில் பயிற்சி பெற்ற புதியவர். கடந்த பதினைந்து ஆண்டுகளில் இந்த வழி வலுப்பெற்றதற்குக் காரணம் அளவுகோல்கள் பெருகியதுதான். 2010இல் எலிகளின் முகத்தைப் பார்த்து வலியைக் கணிக்கும் அளவுகோல் கனடாவில் வெளியானபின், குதிரை, செம்மறி, பன்றிக்குட்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று உருவாயிற்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 2016இல் வெளியிட்ட செம்மறி முக அளவுகோல், குளம்பழுகலும் மடிவீக்கமும் கண்ட ஆடுகளை வைத்து உருவாக்கப்பட்டது. கண் இடுங்குதல், கன்னத் தசை இறுகுதல், காது நிலை, உதடும் தாடையும், மூக்குத்துளையின் வடிவம் ஆகிய ஐந்துக்கும் சுழியம் முதல் இரண்டுவரை எண் தர வேண்டும். மாட்டுக்கு டென்மார்க்கிலிருந்து 2015இல் ஓர் அளவுகோல் வந்தது. அது முகத்தோடு நின்றுவிடாமல் சுற்றுப்புறத்தில் காட்டும் கவனம், தலையின் உயரம், ஆள் அருகே வரும்போது நடந்துகொள்ளும் விதம், முதுகு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது. இவற்றின் அருமை, "மாடு ஒரு மாதிரியாக இருக்கிறது" என்ற மங்கலான உணர்வைப் பிரித்துப் பிரித்துக் கேட்பதில் இருக்கிறது. காது பின்னால் போயிருக்கிறதா, ஆம் இல்லையா என்று கேட்டால் நான்கு மாதப் பழக்கக்காரரும் முப்பது ஆண்டுக்காரரும் ஒரே பதிலுக்கு வர வாய்ப்பு உண்டு.

நம் பண்ணைகளுக்கு மிகப் பொருந்துவது என்று நான் கருதுவது பிரேசிலின் பொட்டுகாட்டு நகரில் உருவாகி 2014இல் வெளியான மாட்டு அளவுகோல். நடை, மற்ற மாடுகளோடும் சூழலோடும் காட்டும் ஈடுபாடு, செயல்பாடு, தீவன விருப்பம், இதர நடத்தைகள் என ஐந்து கூறுகள், மொத்தம் பத்து மதிப்பெண். நான்கைத் தாண்டினால் வலி மருந்து கொடுக்க வேண்டும் என்று எல்லை குறித்திருக்கிறார்கள். அதை உருவாக்கக் காயடிப்பு அறுவைக்கு உள்ளான நெலோர் காளைகளைப் பயன்படுத்தினார்கள். நெலோர் என்பது நம் பக்கத்து நெல்லூரின் பெயர்தான். ஓங்கோல் பகுதி மாடுகளின் வழிவந்த திமிலுள்ள இனம் அது. ஐரோப்பிய ஹோல்ஸ்டீன் மாட்டின் காதை வைத்துப் பழகிய கண், வேறு வகைக் காதும் திமிலும் உள்ள மாட்டிடம் தடுமாறும். காங்கேயமோ உம்பளாச்சேரியோ கட்டியிருக்கும் தொழுவத்தில், அளவுகோலைத் தேர்ந்தெடுக்கும்போது அது எந்த இனத்தின்மீது சோதிக்கப்பட்டது என்பதை முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும். புதியவருக்கு இந்தக் கேள்வி தோன்றாது. இங்கே பழைய கண் உடனிருக்க வேண்டியிருக்கிறது.

புதியவர்கள் எவ்வளவு நம்பகமானவர்கள்? டென்மார்க்கிலிருந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், அனுபவம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் ஆகிய இரு சாராரும் மாடுகளின் நடையைக் காணொளியில் பார்த்து மதிப்பெண் தந்தார்கள். அதே காணொளியை மறுபடி பார்த்தபோது தம் முந்தைய மதிப்பெண்ணோடு ஒத்துப்போவதில் இரு சாராருமே ஓரளவு உயர்ந்த நிலையை எட்டினார்கள். புதியவர் குழப்பமாகக் குறிப்பார் என்ற அச்சத்துக்கு இது நல்ல மறுமொழி. ஆனால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தன்னோடு தான் ஒத்துப்போவது வேறு, மற்றவரோடு ஒத்துப்போவது வேறு, மாட்டின் உண்மையான வலியோடு ஒத்துப்போவது வேறு. எப்போதும் இரண்டு மதிப்பெண் குறைத்தே போடும் ஒருவர், தன்னோடு தான் நூறு சதவீதம் ஒத்துப்போவார். மூத்த மருத்துவர்கள் பலரிடம் நான் கண்ட உறுதி இவ்வகைப்பட்டது. என்னிடமும் அது இருந்தது.

மற்றவரோடு ஒத்துப்போவதை அளக்கும்போதும் ஏமாற இடமுண்டு என்பதால் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். நூறு மாடுகளை இருவர் தனித்தனியே பார்க்கிறார்கள். ஒவ்வொருவரும் பத்து மாட்டுக்கு வலி என்று குறிக்கிறார்கள். இருவரும் சேர்ந்து வலி என்று சொன்னவை ஐந்து, இருவரும் வலியில்லை என்றவை எண்பத்தைந்து, கருத்து மாறுபட்டவை பத்து. தொண்ணூறு சதவீதம் ஒற்றுமை என்று அறிக்கையில் எழுதினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்குப் பத்து மாட்டைக் குறித்திருந்தாலும் தற்செயலாகவே 82 சதவீதம் ஒற்றுமை வந்துவிடும். தற்செயலைக் கழித்துவிட்டுப் பார்க்க 1960இல் முன்வைக்கப்பட்ட காப்பா என்ற அளவை எடுத்தால் இதற்குக் கிடைப்பது 0.44, நடுத்தரம் என்றுதான் சொல்லலாம். அறிக்கையைத் தள்ளிவிட்டு மாட்டின் பக்கம் நின்று பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவு: ஒருவர் வலி என்று சொன்ன பத்தில் ஐந்தை மற்றவர் தவறவிட்டிருக்கிறார். பயிற்சி முடிந்தது என்று சான்றிதழ் கொடுக்கும் இடங்களில் ஒற்றுமை சதவீதத்தை மட்டும் காட்டினால், காப்பாவைக் கேளுங்கள்.

அனுபவம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாரையும் விடாத ஒரு பிழை, எதிர்பார்ப்பு. பெல்ஜியத்தில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில் மாணவர்களுக்கு ஒரே காணொளியை இருவேறு விவரங்களோடு காட்டினார்கள். ஒரே கோழிகளை இயற்கைப் பண்ணைக் கோழிகள் என்று சொன்னபோது அவற்றிடம் நல்ல பழக்கங்கள் கூடுதலாகத் தெரிந்தன. ஒரே மாடுகளை வெப்பம் கூடுதலான நேரத்தில் எடுத்தது என்று சொன்னபோது இரைப்புக்கு மதிப்பெண் கூடியது. நம் தொழுவத்தில் இது ஒவ்வொரு நாளும் நடக்கிறது. "இதுக்கு நேத்து ஊசி போட்டாச்சு" என்று முன்னரே சொல்லிவிட்டால், பார்ப்பவர் கண்ணுக்கு வலி குறைந்துதான் தெரியும். ஆகையால் மதிப்பெண் எழுதி முடிக்கும்வரை மாட்டின் சிகிச்சை விவரத்தை மதிப்பிடுபவரிடம் சொல்லக் கூடாது. இந்த ஒரு விதி, மதிப்பிடுபவரின் அனுபவத்தில் ஐந்தாண்டு கூடுவதைவிடப் பெரிது என்று நான் நினைக்கிறேன். வளர்ப்பவரால் இந்த விதியைக் கடைப்பிடிக்கவே முடியாது என்பது அவருடைய பெரிய குறை. ஊசி போட்டபோது மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவரே அவர்தான்.

கேமராவும் உணர்கருவியும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செம்மறி முகத்திலிருந்து வலியைக் கணிக்கும் கணினி முறையைக் கேம்பிரிட்ஜில் 2017இல் செய்து காட்டினார்கள். காலில் கட்டும் அடியளவிகள் எத்தனை நேரம் மாடு படுத்திருந்தது என்பதைச் சொல்லிவிடும். இரவிலும் பார்க்கும், சலிக்காது, ஆளைக் கண்டு மாடு விறைத்துப்போகும் சிக்கலும் இல்லை. ஆனால் கணினி கற்றுக்கொள்வது மனிதர் முன்பே எண் தந்த படங்களிலிருந்துதான். அந்த எண்ணைத் தந்தவர் மூக்குத்துளையைக் கவனிக்காதவரானால் கணினியும் கவனிக்காது. அனுபவத்தின் குறையைத் தவிர்க்கிறோம் என்று நினைத்து, முகம் தெரியாத யாரோ ஒருவருடைய அனுபவத்தை விலைக்கு வாங்குகிறோம். நாற்பது மாட்டுப் பண்ணைக்கு இன்றைய நிலையில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கைபேசியில் மாடு நடப்பதைப் பக்கவாட்டிலிருந்து அரை நிமிடம் படமெடுத்து வைத்தால் போதும். அதன் பயனைப் பிறகு சொல்கிறேன்.

தேர்வு செய்யும்முன் இரு பக்கத் தவறுகளின் விலையையும் எடைபோட வேண்டும். வலியைக் குறைத்து மதிப்பிட்டால் மாடு படும்பாடு ஒருபுறம். தீவனம் குறைவதும், பால் குறைவதும், சினைப்பருவம் வெளித் தெரியாமல் போவதும், அடிக்குளம்புப் புண் எலும்புவரை போவதும் பண்ணைக்காரரின் இழப்பு. கூட்டி மதிப்பிட்டால் தேவையற்ற ஊசி, மருந்து தங்கும் நாள்வரை பாலை விற்க முடியாமை. நம் நாட்டில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தே பிணந்தின்னிக் கழுகுகளை அழித்தது என்று தெரிந்தபின் 2006இல் அதைக் கால்நடைக்குத் தடை செய்தார்கள்; அசெக்ளோஃபெனாக்கும் கீட்டோபுரோஃபெனும் 2023இல் தடைக்குள் வந்தன. அந்தக் கழுகுகள் வாழும் முதுமலைக்கும் மாயாற்றுக்கும் அருகே மாடு வைத்திருப்பவர்களுக்கு நான் இதை ஒவ்வொரு முறையும் நினைவூட்டுகிறேன்: வலி என்று யாரோ சொன்னதும் கடையில் கிடைத்ததை வாங்கிப் போடக் கூடாது, கழுகுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாமை மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்க வேண்டும். ஆனால் இரண்டு தவறுகளையும் தராசில் வைத்தால், குறைத்து மதிப்பிடுவதே கனமானது என்பது என் முடிவு. தேவையில்லாமல் ஒருமுறை காலைத் தூக்கிப் பார்ப்பதால் கால் மணி நேரம் போகும். பார்க்காமல் விட்டால் இரண்டு மாதம் மாடு அந்தக் காலின்மீதுதான் நிற்கும்.

ஆகவே என் தேர்வு இது. வாரந்தோறும் ஏட்டில் எண் எழுதும் பொறுப்பை, அளவுகோலில் பயிற்சி பெற்ற, அந்த மாடுகளோடு அன்றாடத் தொடர்பில்லாத ஒருவரிடம் கொடுப்பேன். பண்ணைக்காரரின் மகளோ, பக்கத்துப் பண்ணையின் ஆளோ, சங்கத்தின் இளம் ஊழியரோ யாராக இருந்தாலும் சரி. கால்நடைப் படிப்பு கட்டாயமில்லை. அதே ஏட்டில் பக்கத்துக் கட்டத்தை வளர்ப்பவருக்கு ஒதுக்குவேன். அவர் எண் எழுத வேண்டாம். "இந்த வாரம் இந்த மாடு வழக்கத்துக்கு மாறாக என்ன செய்தது" என்று ஒரு வரி எழுதினால் போதும், எழுதப் பழக்கமில்லாதவர் சொல்ல மற்றவர் எழுதிக்கொள்ளலாம். எண் எழுதி முடிக்கும்வரை அந்த வரியைப் படிக்கக் கூடாது. மருத்துவரை வாராந்தர மதிப்பீட்டுக்கு அழைத்து அவர் நேரத்தைச் செலவிட மாட்டேன். அவருக்கு இரண்டு வேலை: எண் உயர்ந்த மாட்டிலும், வரியில் ஐயம் எழுந்த மாட்டிலும் காரணத்தைக் கண்டுபிடிப்பது ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய காணொளிகள் இருபதை, யார் என்ன எண் தந்தார்கள் என்று தெரியாமல் தாமும் மதிப்பிட்டு, மதிப்பிடுபவரையும் மறுபடி மதிப்பிடச் செய்வது இன்னொன்று. கைபேசியில் படமெடுத்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான். பயிற்சி பெற்றவரும் ஓராண்டில் பழகிப்போவார்; பழகிப்போனதை அவரால் தானாக உணர முடியாது, மார்ச் மாதம் மூன்று கொடுத்த நடைக்கு டிசம்பரில் இரண்டு கொடுத்திருப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் உணர்வார்.

இந்தத் தேர்வு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. நான்கு மாடு, பத்து ஆடு வைத்திருக்கும் வீட்டில் வெளியாளைத் தேடுவது நடவாத காரியம். அங்கே வளர்ப்பவருக்கே நடை அளவுகோலைக் கற்றுக்கொடுத்து, மாதம் ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரரோடு தொழுவத்தை மாற்றிப் பார்க்கச் சொல்லலாம். அடுத்தவர் மாட்டில் நொண்டலைக் காண்பது எல்லோருக்கும் எளிது. பர்டிசோ இடுக்கியால் காயடிக்கும் நாளிலும், கொம்பு சுடும் நாளிலும் நிலைமை வேறு. அங்கே வலி வருமா என்று காத்திருந்து கணிக்க வேண்டிய தேவையே இல்லை, வலி உறுதி. மரப்பு ஊசியும் வலி மருந்தும் கொடுத்துவிட்டு, அது போதுமா என்று அன்று மாலையும் மறுநாளும் பார்ப்பதற்குத்தான் மதிப்பீட்டாளர் வேண்டும். கோசாலைகளில் வயதான, நாட்பட்ட மூட்டுவலி உள்ள மாடுகளுக்கு முக அளவுகோல்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அவை பெரும்பாலும் புதிதாக வந்த, கூர்மையான வலியைவைத்து உருவானவை. அங்கே படுத்து எழ எத்தனை முயற்சி எடுத்தது, எந்தப் பக்கம் படுக்கிறது என்ற வளர்ப்பவரின் வரிக்கே கூடுதல் எடை தருவேன்.

கடைசியாக ஒரு நடைமுறை. எண்ணும் வரியும் முரண்படும்போது, அல்லது இருவர் எண்ணுக்குள் இரண்டு வித்தியாசம் வரும்போது, சராசரி எடுத்து ஏட்டில் எழுதும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஒருவர் ஒன்று என்றும் இன்னொருவர் மூன்று என்றும் சொன்னால் இரண்டு என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அனுபவத்தில் மூத்தவர் சொன்னதை எடுத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடும் பழக்கமும் உண்டு. இரண்டும் வேண்டாம். எண்கள் விலகிய மாட்டை அன்றைக்கே கொட்டகைக்கு வெளியே அவிழ்த்துக்கொண்டு வந்து, மண் தரையில் நடக்கவிட்டு, நான்கு காலையும் தூக்கிக் கழுவி, மடியைத் தொட்டுப் பார்த்து, காரணத்தைத் தேடிவிட்டு, கண்டதை இரண்டு எண்களுக்கும் கீழே எழுதுங்கள். அந்த இரண்டு எண்களையும் அழிக்காமல் அப்படியே விடுங்கள்.